ஒரே ரயில், இரண்டு விலாசம்

தாம்பரம் ஸ்டேஷனில் மேற்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோடு. ஹாரன், பஸ், 'செங்கல்பட்டு... செங்கல்பட்டு' என்று தொண்டை கிழியக் கத்தும் கண்டக்டர். கிழக்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காடு. நிஜக் காடு சார்! புள்ளிமான் உண்டு, பாம்பு உண்டு. நடுநடுவே பி.ஏ., பி.எஸ்ஸி. வகுப்புகளும் உண்டு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி.

365 ஏக்கர். தினம் ஒரு ஏக்கராகச் சுற்றினால் முடிக்க ஒரு வருஷம் ஆகும். அதற்குள் செமஸ்டர் பரீட்சை இரண்டு தடவை வந்து போய்விடும். மரங்களுக்கு முக்கியக் காரணம் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற புரொபசரும் அவர் மனைவி ஆலிஸும். பார்ன்ஸ் நடத்திய பாடம் தாவரவியல் என்று நினைத்தீர்களா? கெமிஸ்ட்ரி!

பேர் வாங்கினவர்களுக்குப் பஞ்சமில்லை. தேர்தல் கமிஷனராக அரசியல்வாதிகளின் தூக்கத்தைக் கெடுத்த டி.என்.சேஷன் இங்கே பிஸிக்ஸ் படித்து, இங்கேயே பாடமும் நடத்திவிட்டுத்தான் ஐ.ஏ.எஸ். போனார். 2006 முதல் 2018 வரை பெப்ஸி கம்பெனியை நடத்திய இந்திரா நூயி பட்டம் வாங்கியது இங்கே, 1974-ல். கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார். 'டீப்வுட்ஸ்' விழா வந்தால் மற்ற காலேஜ் பட்டாளமும் வந்து குவிந்து கோப்பைக்கு அடிபிடி. செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று மூன்று பழைய ஹாஸ்டல்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்வது தனிக்கதை.

ஆனால் பி.காம். படித்த எனக்கு, பரிசுப் பட்டியல் என்றாலே வரவுப் பக்கம் மட்டும் எழுதின பேரேடு மாதிரி தோன்றும். மெடல் வாங்கினவன் அப்புறம் என்ன செய்தான்? அந்தப் பக்கம் பெரும்பாலும் காலி. முழுசாக எழுதப்பட்ட கணக்கு இந்தக் காலேஜில் இரண்டாவது உண்டு. அதற்கு மறுபடி ஸ்டேஷனுக்கு நடந்து பீச் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

ஏனென்றால், 1837-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார்கள் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த இந்தக் காலேஜ், சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல்தான் தாம்பரம் வந்தது. அதுவரை ஜார்ஜ் டவுன். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற இந்த லைனின் இரண்டு முனையிலும் ஒரே காலேஜின் விலாசம்!

பீச்சில் இறங்கி, பாரிமுனை நெரிசலில் நீந்தி வந்தால் ஹைகோர்ட்டுக்கு எதிரே ஆண்டர்சன் சர்ச். பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த ஜான் ஆண்டர்சனின் பெயர். இந்த வட்டாரத்தில்தான் பழைய காலேஜ்.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி இங்கே படித்தார். 1892 பி.ஏ. பரீட்சையில் தமிழிலும் தத்துவத்திலும் யூனிவர்சிடியிலேயே முதல். பாஸ்கர சேதுபதி பெயரில் தங்கப் பதக்கம். தத்துவத்தில் முதலாக வந்தவர் மறு வருஷம் தேடிப்போனது தமிழாசிரியர் வேலையை! அந்தக் காலத்தில் தமிழ் வாத்தியார் நாற்காலிக்கு இருந்த மவுசு உங்களுக்கே தெரியும். 1902-ல் யூனிவர்சிடி பாடத்திலிருந்து தமிழையே தூக்கப் பார்த்தார்கள். நண்பர் பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். அடுத்த வருஷமே போய்விட்டார். வயசு 33. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் வாதாடியதை மத்திய அரசு ஒப்புக்கொண்டது 2004-ல். பரிதிமாற் கலைஞர் என்றால் உடனே புரியும்.

இன்னொருவர், ஒன்றுவிட்ட அண்ணன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் ஓசியில் கிடைத்ததால் தத்துவம் எடுத்த பையன். வகுப்பில் இந்து மதத்தைப் பற்றி வந்த விமர்சனங்கள் அவரைக் குடைந்தன. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்கிறார்களே, அப்படியா? 1908-ல், இருபது வயசுக்குள், எம்.ஏ. ஆய்வுக் கட்டுரையாக அதற்கே பதில் எழுதினார். எழுதிவிட்டு உள்ளுக்குள் உதறல். படிக்கப் போகிறவர் புரொபசர் ஏ.ஜி.ஹாக், மிஷனரி. கோபித்துக்கொண்டால்? மேலதிகாரி சொன்னதை மறுத்து ஃபைலில் நோட் எழுதிவிட்டு, அது திரும்பி வரும்வரை பியூனின் முகத்தையே பார்த்திருக்கிற யாருக்கும் அந்த உதறல் புரியும்.

ஹாக் கோபிக்கவில்லை. சிக்கலான வாதத்தை லாகவமாகக் கையாள்கிறான், இங்கிலீஷும் பிரமாதம் என்கிற ரீதியில் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். பையன் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். என்னைக் கேட்டால், இந்தக் காலேஜ் கொடுத்ததிலேயே பெரிய மெடல் அந்தக் காகிதம்தான்.

1937-ல் காலேஜ் மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரம் போனபோது பிரின்சிபால் அதே ஹாக். மாணவர் அப்போது ஆக்ஸ்போர்டில், கீழைநாட்டு மதங்களுக்கும் அறவியலுக்கும் புரொபசர். சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.