பாட்டனார் நாட்குறிப்பு

தன் மடமையைத் தானே அச்சிலேற்றுவது எவர்க்கும் உவப்பான செயலன்று. ஆயினும், கணினியைத் தொடாத மாணவர் நம் கல்லூரியில் இக்காலத்து ஒருவரும் இல்லையாதலாலும், யான் செய்த பிழை எவரும் ஒரு நொடியிற் செய்யக்கூடியதேயாதலாலும், சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டில் எனக்கு நேர்ந்ததை இம்மலரில் ஒளிவின்றி எழுதத் துணிந்தேன்.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டு ஊரொன்றில் உபதேசியாராக ஊழியஞ் செய்தவர். 1938 முதல் 1951 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு நான்கு நோட்டுப் புத்தகங்களாக எங்கள் சிற்றப்பா வீட்டுத் தகரப்பெட்டியிற் கிடந்தது. அவற்றில் உலகம் அறியவேண்டிய பெருஞ் செய்தி ஒன்றும் இல்லை. இன்ன ஊருக்கு நடந்துபோய் ஜெபக்கூட்டம் நடத்தியது, கருப்பட்டியின் விலை, ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர், யுத்தகாலத்தில் மண்ணெண்ணெய் கிடையாமல் இருட்டிலே சாயங்கால ஆராதனை முடித்தது என்று நாளுக்கு மூன்று நான்கு வரிகளே இருக்கும். ஆனால் அவருடைய பேரனாகிய எனக்கு அவ்வரிகள் ஒரு பெருஞ் சொத்தாகவே தோன்றின. மை மங்கி வருவதைக் கண்டு, 2022-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை முழுதும் செலவிட்டு நான்கு நோட்டுக்களையும் கணினியில் தட்டச்சு செய்தேன். அக்கோப்பை முதலில் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன். மறு ஆண்டு புதிய மடிக்கணினி வாங்கியதும் அதில் மாற்றிக்கொண்டு, பென் டிரைவிலிருந்ததை நீக்கிவிட்டேன். நோட்டுக்களைச் சிற்றப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற நிம்மதி!

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை நம்மவர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற் பெய்த மழை அது. தாமிரபரணி கரைபுரண்டு சிற்றப்பா வீட்டினுள் இடுப்பளவு நின்றது. தகரப்பெட்டியிலிருந்து எடுத்த நோட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாயிருந்தன. அப்போதும் யான் பெரிதாக வருந்தவில்லை.

2024 ஆகஸ்டு மாதத்தில் விளையாட்டு விழாப் பரிசுப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நாட்குறிப்புக் கோப்பில் எழுத்தும் ஓர அளவும் செம்மையாய் அமைந்திருந்தமையால் அதையே அச்சாகக் கொள்ளலாமென்று திறந்து, உள்ளிருந்ததனைத்தையும் ஒருங்கே நீக்கிவிட்டு, அந்த வெற்றிடத்திற் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். முடிவில் ‘வேறு பெயரில் சேமி’ என்பதற்குச் செல்லவேண்டிய கை, பழக்கத்தின் வேகத்தால் ‘சேமி’ என்பதற்குச் சென்றது. மூடுமுன் கண்டிருப்பின், செய்ததைத் திரும்பப் பெறும் விசை ஒன்றே போதுமாயிருந்திருக்கும். யானோ பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடி, நன்றாக உறங்கினேன்.

இரண்டு மாதங்கள் சென்றன. என் தகப்பனார்க்கு அப்போது வயது 84, நோயுற்றுப் படுத்திருந்தார். நாட்குறிப்பைப்பற்றி ஒருநாளும் கேளாதவர், ஒரு மாலை என்னை அருகில் அழைத்து, “பாப்பா இறந்த அன்று அப்பா என்ன எழுதியிருக்கிறார்கள்? அதை வாசி” என்றார். பாப்பா என்றது அவர் தங்கையை. 1947 ஜூன் மாதத்தில் நாலு வயதிற் காய்ச்சலால் மரித்த, யான் காணாத அத்தை. “அவள் கேட்டாளென்று அப்பா நுங்கு வாங்கிவந்தார்கள். வருவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த நுங்கைத் தின்றவன் நான். அப்பா கொடுத்துத் தின்றேனா, யாருமறியாமல் எடுத்துத் தின்றேனா, அதுதான் எனக்கு இத்தனை வருஷமும் தெரியவில்லை” என்றார்.

மடிக்கணினியைத் திறந்தேன். ‘நாட்குறிப்பு’ என்ற பெயரின்கீழ், நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதற்பரிசு பெற்றோரின் பெயர்கள் நின்றன.

நுங்கைப்பற்றி ஏதோ எழுதியிருந்தது என் நினைவில் இருந்தது. ஆனால் வாசகம் நினைவில் இல்லை. மனத்துக்கு ஆறுதலாயிருக்குமென்று எதையேனும் சொல்லிவிட நா எழுந்தது. சொல்லியிருப்பின் அவர் நம்பியுமிருப்பார். “கோப்பு ஊரில் இருக்கிறது, கொண்டுவருகிறேன்” என்று மட்டும் கூறி வெளியேறினேன். அதுவும் பொய்யே.

அன்றிரவு கார்லைலின் நினைவு வந்தது. அவர் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதற்பாகக் கையெழுத்துப் பிரதியை ஜான் ஸ்டூவர்ட் மில் படிக்க வாங்கிச் சென்றார். 1835-இல் அது கழிவுக் காகிதமென்று கருதப்பட்டு நெருப்புக்கு இரையாயிற்று. வேறு பிரதி இல்லை. கார்லைல் மீண்டும் முதலிலிருந்து எழுதினார்; நூல் 1837-இல் வெளிவந்தது. இதைப் பலர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். எனக்கு அஃது ஆறுதலாகவில்லை. கார்லைல் இழந்தது தம் நெஞ்சில் விளைந்ததை; விளைத்த நிலம் அவரிடமே இருந்தது. யானோ வெறும் எழுத்தாளன், அதாவது ஏடெழுதும் கூலியாள் என்ற பழைய பொருளில். என்னிடம் எதுவும் விளையாது.

விடுதியில் வசிக்கும் கணினியியல் மாணவர் ஒருவரை மறுநாள் நாடினேன். அவர் முதலிற் கேட்டது கிளவுட் என்று வழங்கும் இணையச் சேமிப்பகத்தைப்பற்றி. ஆம், என் கோப்புறை அதனோடு இணைக்கப்பட்டே இருந்தது. ஆனால் யான் மேலெழுதிய சில நொடிகளில் அங்கிருந்த பிரதியும் பரிசுப் பட்டியலாய் மாறிவிட்டது. பழைய வடிவங்களை முப்பது நாள் வைத்திருந்து, பின் அச்சேவை தானே கழித்துவிட்டது. பிரதி ஒன்று உண்டென்று இருமாந்திருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது, என்னிடம் இருந்தது பிரதியன்று, கண்ணாடி என்று. முகத்திற் கரி பூசினால் கண்ணாடியிலும் கரியே தெரியும். நம் முன்னோரின் ஏட்டுச்சுவடிகள் அவ்வாறு இருக்கவில்லை. ஒரு மடத்தில் நேர்ந்த பிழை மற்றோரூர்ச் சுவடிக்குத் தானாகப் போய்ச் சேராது. அதனாலன்றோ, 1887-இற் சீவக சிந்தாமணியை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடத்தை நிலைநாட்ட முடிந்தது!

மடிக்கணினியிலும் பயனில்லை என்றார் மாணவர். அதிலுள்ள எஸ்.எஸ்.டி. என்னும் நினைவுக்கருவி, நீக்கப்பட்ட இடங்களை வேலையில்லாத வேளையிற் தானே துடைத்து வைக்கும் இயல்பினது. “ஐயா, வேறெதிலாவது முன்பு வைத்திருந்தீர்களா?” என்றார். பழைய பென் டிரைவை நீட்டினேன். நீக்கியபின் அதில் வினாத்தாள்களையும் வேறு சிலவற்றையும் ஏற்றியிருக்கிறேன் என்று வெட்கத்தோடு சொன்னேன். “இனி இதில் ஓர் எழுத்தும் எழுதாதீர்கள். நமக்குத் தெரியாமல் கணினியே எதையாவது எழுதிவிடும்; செருகவும் வேண்டாம்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் விளக்கியதை நம் நூலகத்தைக் கொண்டு கூறலாம். கோப்பை நீக்குதல் என்பது புத்தகத்தைக் கிழிப்பதன்று. பட்டியல் அட்டையை எடுத்துவிடுவது. பென் டிரைவிற் பெரும்பாலும், கோப்பின் பெயரில் முதலெழுத்தை ஒரு குறியாக மாற்றி, அதன் இடம் காலி என்று எழுதிவைப்பதோடு சரி. வேறொரு புத்தகம் அதே இடத்தில் வைக்கப்படும் வரையிற் பழையது அலமாரியிலேயே நிற்கும். மேலும் ஒரு வியப்பு: சொற்செயலிகள் பெரும்பாலும் பழைய கோப்பின்மேலேயே எழுதுவதில்லை; புதிதாக ஒன்றை வேறிடத்தில் எழுதிப் பழையதன் பெயரை அதற்கு இட்டு, பழையதைக் கைவிடுகின்றன. ஆகவே யான் அக்கோடையிற் சேமித்த ஒவ்வொரு முறையும் ஒரு முந்திய தலைமுறை பென் டிரைவிற் புதைந்திருக்கக்கூடும்.

மாணவர் பென் டிரைவ் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து வேறொரு வட்டிற் படியெடுத்து, அப்படியின்மேல் மட்டுமே வேலை செய்தார். மருத்துவர் போன்ற அவ்வெச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்தோப் கிரெனியே என்பவர் இயற்றி இலவசமாய் வழங்கும் ‘போட்டோரெக்’ என்ற மென்பொருள், பட்டியலை நம்பாமல் அலமாரி அலமாரியாகச் சென்று, ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடுவது. கிடைப்பவற்றுக்குப் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். இரவு பத்து மணிக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புக்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். வினாத்தாள், வினாத்தாள், ஒரு திருமண அழைப்பு, பின் என் பாட்டனார்!

முழுதாய்த் திறந்தது இரண்டாம் நோட்டு வரையிலான பழைய வடிவம். நான்கு நோட்டுக்களும் அடங்கிய கடைசி வடிவமும் அகப்பட்டது. ஆனால் அதன் நடுவில் வினாத்தாள் ஒன்று ஏறி அமர்ந்திருந்தது. இக்காலத்துச் சொற்செயலிக் கோப்பு என்பது பல சிறு கோப்புக்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. கட்டின் நடுவே சிதைவு நேர்ந்தால் அதற்கு முன்னுள்ளதைப் பிரித்தெடுக்கலாம், பின்னுள்ளது அரிது. மாணவர் வெகு பாடுபட்டுப் பிரித்தெடுத்த வாசகம் 1947 மார்ச்சு மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையின் நடுவில், சொல்லும் முடியாமல், அறுந்து நின்றது. எனக்கு வேண்டியது ஜூன்.

யான் வாடியிருப்பதைக் கண்டு அவர் ஒரு கதை சொன்னார். ‘டாய் ஸ்டோரி 2’ என்ற சித்திரப்படம் ஆக்கப்பட்டு வருகையில், 1998-இல், பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறான கட்டளையிட, படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து மறைந்துபோயிற்றாம். காப்புப்பிரதி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். திரும்பப் பெறப் பார்த்தபோது அது பழுதுபட்டிருந்தது. பழுதென்பதை முன்னமே எவரும் சோதித்தறியவில்லை. கேலின் சூஸ்மன் என்ற அம்மையார், பிள்ளைப்பேற்றின் காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்தவர், தம் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையிற் சுற்றிக் காரில் ஏற்றிவந்து படத்தை மீட்டார்கள்.

வீட்டிலிருந்த ஒரு பெண்மணியிடம் பிரதி இருந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் யான் எழுந்து நின்றுவிட்டேன். பாளையங்கோட்டையில் என் சின்ன அத்தை இருக்கிறார்கள், 1950-இற் பிறந்தவர்கள். கணினி பாராதவர்கள். 2022-இல் யான் தட்டச்சு செய்வதைக் கேள்வியுற்று, “குடும்ப விசேஷங்கள் வருகிற இடங்களை எனக்குக் கையால் எழுதித் தா” என்று கேட்க, கோடிட்ட நோட்டொன்றிற் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடியோடு மறந்துவிட்டேன்!

விடியற்காலைப் பஸ்ஸிற் போய் இறங்கினேன். நோட்டு அலமாரியிற் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஆறாம் பக்கத்தில் அந்நாள் இருந்தது. “அத்தை, இதை நான் கொண்டுபோகட்டுமா?” என்றேன். “உன்னிடமா? நீ தொலைத்தது போதும்” என்று அத்தை மறுத்துவிட்டார்கள். ஆகவே அவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து பத்துப் பக்கங்களையும் இரண்டாம் முறை எழுதினேன்.

இப்பொழுது நாட்குறிப்புக்கு மூன்று பிரதிகள் உள்ளன: மடிக்கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, அத்தையின் அலமாரியில் மற்றொரு வட்டு. முதற் சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டைக்குச் சென்று அவ்வட்டைத் திறந்து பார்த்து வருகிறேன்; திறக்கிறதா என்பதற்காகவே. அத்தைக்கு அது ஒரு வேடிக்கை. 1947 மார்ச்சுக்கும் 1951-க்கும் இடைப்பட்டவற்றில், அத்தையின் நோட்டிலுள்ளவை ஒழிய, உலர்த்திய நோட்டுக்களில் அங்கொரு வரி இங்கொரு வரியாக வாசிக்கக் கிடைப்பவையே மிச்சம். மற்றவை போனவை போனவையே.

அன்று மாலை தகப்பனாரிடம் வந்து வாசித்தேன். பாட்டனார் எழுதியிருந்தது இவ்வளவே: காலையில் மேற்கே ஜெபத்துக்குப் போனதாகவும், பிள்ளை கேட்ட நுங்கு மூன்று வாங்கிவந்ததாகவும், வருமுன் கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டதாகவும், அம்மூன்றையும் மகன் கையிற் கொடுத்ததாகவும், அவன் பசியோடிருந்ததாகவும்.

தகப்பனார் கண்களை மூடியிருந்தார். “கையில் கொடுத்தார்கள் என்றா எழுதியிருக்கிறார்கள்?” என்றார். ஆம் என்றேன். மீண்டும் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை அவரே தாளை வாங்கி, விளக்கருகே பிடித்து, தாமே வாசித்துக்கொண்டார்.