போத்தனூர் டாக்கீஸ்

எங்கள் வீட்டில் படம் பார்க்க ஒரு விதி உண்டு. ரயில் வந்தால் படத்தை நிறுத்திவிட வேண்டும். போத்தனூர் ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. பாகவதர் உச்சஸ்தாயிக்குப் போகிற நேரம் பார்த்து, பாலக்காட்டுப் பக்கம் போகிற ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸ் அவரைவிட ஒரு ஸ்தாயி மேலே பாடும். யாரையும் குறை சொல்ல முடியாது. 1862-ல் ரயில் வந்த ஊர் இது. கோயமுத்தூருக்கே எங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்ட பிறகு, 1873-ல்தான் ரயில் போயிற்று. (இதை கோவைக்காரர்களிடம் அடிக்கடி ஞாபகப்படுத்துவது எங்கள் பிறப்புரிமை.)

ரிமோட் அப்பாவிடம். வயசு 77. ரயில் வராதபோதும் நிறுத்துவார். காரணம், கதவு.

தாத்தா மரவேலைக்காரர். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் செட் வேலை, அப்புறம் புலியகுளம் பட்சிராஜாவில். 'படத்துல வர்ற கதவு ஒண்ணு நான் செஞ்சதுடா' என்று சொல்லியிருக்கிறார். எந்தப் படம், எந்தக் கதவு? அப்பா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தாத்தா போய் நாற்பது வருஷமாகிறது. இப்போது யூடியூபில் பழைய படமெல்லாம் கிடைக்க ஆரம்பித்த பிறகு, தினம் பொழுதோடு தேடுகிறார்.

தேடுவதற்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. தென்னிந்தியாவில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோன சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூர்க்காரர். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு கிளம்பியவர், 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். தியேட்டர் பிறகு டிலைட் ஆனது. தெருவுக்கு மட்டும் இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர். அதற்கப்புறம் இரண்டு பெரிய ஸ்டூடியோக்கள். சினிமா என்றால் கோடம்பாக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆபீஸ் நண்பர்களுக்காக இவ்வளவும் சொல்கிறேன்.

முதலில் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட படம். சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது. பக்திப் படம், தூங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. டி.ஆர். ராஜகுமாரி வந்த பிறகு யார் தூங்குவார்கள்? என்.எஸ்.கே. - மதுரம் ஜோடியைப் பார்த்தால் எண்பது வருஷத்துப் படம் என்று தோன்றவில்லை. கதை என்னவோ, பெற்றவர்களை மதிக்காத பிள்ளைக்குக் கால் போய், புத்தி வந்து, அவர்களுக்குப் பணிவிடை செய்கிற கதை. அந்தக் கட்டத்தில் நான் செல்போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, அந்தக் கதவைப் பார்த்தியா?"

"எந்தக் கதவுங்கப்பா?"

"போச்சு போ" என்று பின்னால் ஓட்டினார். செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்து 'ராஜகுமாரி', 1947. அதுவும் சென்ட்ரல்தான். 1936-ல் 'சதிலீலாவதி'யில் தலைகாட்டிய எம்.ஜி.ஆர்., பதினோரு வருஷம் காத்திருந்து கதாநாயகனான படம். வசனத்தில் கருணாநிதி. சாண்டோ சின்னப்பா தேவரும் இருக்கிறார். பிற்காலத்தில் எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படமெடுத்த அதே தேவர். இந்த மூன்று பேரும் சிங்காநல்லூரில் சம்பளத்துக்குக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு என்பது, மாசக் கடைசியில் எனக்குப் பெரிய ஆறுதல்.

'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜா படம். நாமக்கல் கவிஞர் கதை, கருணாநிதி வசனம், ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. இன்றைக்கும் அலுக்காமல் ஓடுகிறது. பானுமதி பேச ஆரம்பித்தால் எம்.ஜி.ஆரே கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். அதையே இந்தியில் 'ஆசாத்' என்று எடுக்க திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்தார்கள். "பம்பாய்க்காரனும் எங்கப்பன் போட்ட பலகை மேலதாண்டா நடந்தான்" என்றார் அப்பா. ஆதாரம் கேட்கவில்லை. இப்படிச் சொல்லும்போது அவருக்குப் பத்து வயசு குறைகிறது.

ஒரு மாறுதலுக்காகப் புதுப் படம் போட்டேன். 'கடைசி விவசாயி', 2022. நிஜ வயல், நிஜ வெயில். நல்லாண்டி என்கிற நிஜ விவசாயியே நடித்திருக்கிறார். படம் வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். அப்பா ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. முடிந்ததும், "நெம்ப நல்லா இருக்குது. ஆனா எல்லாமே நிசமா இருக்குதே, மரவேலைக்காரனுக்கு என்ன சோலி?" என்று எழுந்து போனார். 'மெய்யழகன்' (2024) பார்த்தபோதும் வாய் திறக்கவில்லை. சொந்த வீட்டை விட்டு அரவிந்த்சாமி கிளம்புகிற கட்டத்தில் மட்டும் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, "ஸ்டூடியோ இருந்த எடத்தைச் சித்தே பார்த்துட்டு வந்துரலாமா?" என்றார். பைக்கில் ஏற்றிக்கொண்டு வெள்ளலூர் வழியாகக் கிளம்பினேன். ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்த ஊர் வெள்ளலூர். இப்போது குப்பைக் கிடங்கின் வாசனை, அகஸ்டஸ் சீசரே வந்தாலும் மூக்கைப் பிடிக்க வைக்கும். நொய்யலைத் தாண்டி சிங்காநல்லூர். திருச்சி ரோட்டில் பஸ், லாரி, ஹாரன். ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தினேன். அப்பா இறங்கி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தார். அக்கட்டால கையைக் காட்டினார். பிறகு இக்கட்டால காட்டினார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

"டீ சாப்பிடலாங்களாப்பா?"

"சக்கரை வேண்டாம்னு சொல்லு."

வரும் வழியெல்லாம் பேச்சில்லை. என் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது.

ராத்திரி மறுபடி 'ஹரிதாஸ்'. ஒரு ரயில் கத்திக்கொண்டு வந்தது. அப்பா படத்தை நிறுத்தினார். உறைந்த காட்சியில், ஆட்களுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கதவு. ரயில் போய் முடிந்த பிறகும் அவர் பட்டனை அழுத்தவில்லை.

"இதாங்கண்ணு."

"போன வாரம் ராஜகுமாரியில வேறொண்ணைக் காட்டினீங்களே?"

"அதும்தான்" என்றார் அப்பா.