நான்கு வாரப் பரீட்சை

நம் ஊரில் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். முடித்ததும் அடுத்த கவலை மேல்படிப்பு. ராப்பகலாய்ப் படித்து 'நீட் பி.ஜி.' எழுத வேண்டும். மதிப்பெண் வந்தால் இடம், வராவிட்டால் அடுத்த வருஷம். எத்தனை கஷ்டமானாலும் அது ஒரு நாள் பரீட்சை. அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு நான்கு வாரம் நடக்கிற பரீட்சை ஒன்று இருக்கிறது. கேள்வித்தாள் கிடையாது. விடிகாலையிலிருந்து ராத்திரி வரை பெரிய டாக்டர்கள் கண் முன்னால் வேலை செய்வதே பரீட்சை. அதுவும் தெரியாத ஊரில், தெரியாத ஆஸ்பத்திரியில்! 'அவே ரொட்டேஷன்' என்கிறார்கள். நாம் வெளியூர்ப் பயிற்சி என்று வைத்துக் கொள்வோமே.

2024-ஆம் வருஷம் என் மகள் இப்படி இரண்டு ஊருக்குப் போய் வந்தாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை. கூட இருந்து பார்த்தவள் நான். கைக்குழந்தையோடு படிப்புக்கோ வேலைக்கோ போகும் சகோதரிகளுக்குப் பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். மகளுக்கு ஐந்து வயதாகும்போது அமெரிக்காவுக்குக் குடிவந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளும் மாப்பிள்ளையும் ஒஹையோ மாநிலத்தில். அங்கே முதலில் ஒரு பட்டப்படிப்பு முடித்து, அதற்குப் பிறகுதான் நான்கு வருஷ டாக்டர் படிப்பு. மூன்றாம் வருஷம் முழுக்கத் தங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம், குழந்தை மருத்துவம், அறுவை என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வருவார்கள். நான்காம் வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் போய் வேலை செய்யலாம். அங்கே உள்ள டாக்டர்களுக்கு நம்மைப் பிடித்துப் போனால் நல்ல சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். மேல்படிப்புக்கு அங்கேயே இடம் கிடைக்கவும் வழி உண்டு.

முன்பெல்லாம் முதல் கட்ட லைசென்ஸ் பரீட்சைக்கு மதிப்பெண் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து அது வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்டது. காகிதத்தில் எல்லாரும் ஒன்று போலத் தெரிந்தால் ஆளை எப்படித் தரம் பிரிப்பது? நேரில் பார்த்துத்தான். அதனால் இந்த வெளியூர்ப் பயிற்சிக்கு மவுசு. எலும்பு மருத்துவம் மாதிரி போட்டி அதிகமான பிரிவுகளில் இரண்டு மூன்று ஊருக்குப் போகாதவர்கள் அபூர்வம்.

என் மகள் விரும்பியது அந்த எலும்பு மருத்துவத்தைத்தான். திருச்சியிலிருந்து என் நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணி, பால்குடி மறக்காத புள்ளைய விட்டுட்டு மாசக்கணக்கா ஊர் சுத்தப் போறாளாமே? தோலு, கண்ணுன்னு ஏதாச்சும் படிக்கக் கூடாதா? அதுலயும் எலும்பு! ஆம்பளைங்க வேலையில்ல அது?"

தோல் மருத்துவத்துக்கும் இதே வெளியூர் ஓட்டம் உண்டு என்று சொன்னேன். ஆனால் அவள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்தது. அமெரிக்காவில் எலும்பு அறுவை டாக்டர்களில் பத்துக்கு ஒரு பெண்கூட இல்லை. ரூத் ஜாக்சன் என்ற பெண்மணி 1937-இலேயே அந்தத் தேர்வில் தேறி, எலும்பு டாக்டர்கள் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனவர். அவர் பெயரால் 1983-இல் பெண் எலும்பு டாக்டர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். அப்படியும் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது.

மகளுக்கு இந்த ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்குப் பதினான்கு வயதில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். எண்ணெய்க் கட்டு, மூங்கில் பத்தை என்று ஒரு மாதம் போயிற்று. பிறகு ஆபரேஷன் செய்தும் பழைய நடை வரவில்லை. "அப்பத்தா ஏம்மா நடக்கலை?" என்று அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் விடவே இல்லை.

விண்ணப்பம் போடுவதே ஒரு தனிக் கல்யாண வேலை. எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு இருக்கிறது என்றாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு நிபந்தனை. மதிப்பெண் பட்டியல், காலேஜ் கொடுக்கும் நன்னடத்தைக் கடிதம், போலீஸ் குற்றப் பதிவில் பெயர் இல்லை என்ற சான்று, போதை மருந்துச் சோதனை, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் பயிற்சிக்கு அட்டை, முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒரு பரிசோதனை! சமையலறைச் சுவரில் பெரிய தாளை ஒட்டி, பதினான்கு ஊர்ப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றாய் டிக் அடித்துக்கொண்டு வந்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும், கை டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. தடுப்பூசி விவரம் முழுக்க வேண்டுமாம். அவள் திருச்சியில் பிறந்தபோது கொடுத்த ஊசி அட்டையைப் பீரோ அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். மஞ்சள் ஏறி, ஓரம் கிழிந்து, ஆனால் எழுத்து தெளிவாக. அதை வைத்துத்தான் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டது உறுதியாயிற்று. இது ஏன் முக்கியம் தெரியுமா? அங்கே காசநோய் இருக்கிறதா என்று தோலில் ஊசி குத்திப் பார்ப்பார்கள். பி.சி.ஜி. போட்ட நம் பிள்ளைகளுக்கு நோய் இல்லாமலே அந்த இடம் தடித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. பி.சி.ஜி. அதைக் குழப்பாது. அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. புட்டாளம்மைக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி போதாது என்று தெரிந்து எம்.எம்.ஆர். ஊசி போட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் அந்த ஊசி போடலாம், பயமில்லை. சகோதரிகளே, பிள்ளைகளின் ஊசி அட்டையைப் பள்ளியில் சேர்த்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபத்தைந்து வருஷம் கழித்துக்கூடத் தேவைப்படும்!

பதினான்கு ஊருக்குப் போட்டதில் மூன்று ஊர் வரச் சொன்னது. இரண்டு ஊரின் தேதிகள் ஒன்றோடொன்று மோதின. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று கெடுபிடி வேறே. கடைசியில் ஜூலை மாதம் பென்சில்வேனியாவில் ஓர் ஊர், ஆகஸ்டில் தெற்கே தொலைவில் ஒரு பெரிய ஊர் என்று முடிவாயிற்று.

சம்பளம் உண்டா என்று கேட்பீர்கள். ஒரு காசு கிடையாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம், போக்குவரத்து, வாடகை எல்லாம் நம் கைப்பணம். சொந்தக் காலேஜுக்குக் கட்டும் பணமும் நிற்காது. பென்சில்வேனியாவில் நான்கு வாரத்துக்கு ஒரே ஓர் அறைக்கு 1,400 டாலர். நம் ஊர்க் கணக்கில் லட்சத்துக்கு மேல்! என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் கொடுத்தார். நான் கிளம்புவதற்கு முன்பே ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டார். அது இரண்டாவது உதவி.

முதல் ஊருக்கு நானும் பேத்தியும் கூடவே போனோம். குழந்தைக்கு ஒன்பது மாதம். மகள் காலை நாலு மணிக்கு எழுந்து பால் கொடுத்துவிட்டு நாலரைக்குப் புறப்படுவாள். பெரிய டாக்டர்கள் வருமுன் நோயாளிகளை எல்லாம் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அப்புறம் ஆபரேஷன். உடைந்த எலும்பை நேராக்கும் வரைக்கும் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏழு எட்டு மணிக்குத் திரும்பி வந்து, மறுநாள் ஆபரேஷனுக்குப் பாடம் படிப்பாள். "எதையும் தெரியாதுன்னு சொல்லலாம்மா, ஆனா ரெண்டாம் தடவை சொல்லக் கூடாது" என்பாள். நான் அந்த ஒற்றை அறையில் குக்கரில் பருப்புச் சாதம் குழைத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ராத்திரி தாயும் பிள்ளையும் கட்டிக்கொண்டு தூங்கும். அந்த நான்கு வாரம் சிரமம்தான், ஆனாலும் சந்தோஷமான சிரமம்.

இரண்டாவது ஊருக்கு விமானத்தில் போக வேண்டும். அங்கே வாடகையும் அதிகம். அவள் தனியாகத்தான் போனாள். குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நியூஜெர்சிக்குத் தூக்கி வந்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் அம்மாவும் இல்லை, பழகிய வீடும் இல்லை, அப்பாவும் இல்லை என்றால் அந்தப் பிஞ்சு என்ன செய்யும்? பத்து மாதத்தில்தான் குழந்தைகளுக்குத் தாயைப் பிரியும் ஏக்கம் பலமாகத் தொடங்குகிறது. எனவே நான் ஒஹையோவிலேயே தங்கினேன். அதே தொட்டில், அதே தட்டு, ராத்திரி தூங்க வைக்க அப்பா.

பாலுக்கு மூன்று மாதம் முன்பே ஏற்பாடு. தினம் ஒரு வேளை பம்ப் வைத்து எடுத்து, தேதி எழுதி, ஃபிரீஸரில் அடுக்கினாள். எடுத்த பால் ஃபிரிஜ்ஜில் நான்கு நாள் இருக்கும், உறைய வைத்தால் ஆறு மாதம் வரை நல்லது. வெளியே வைத்தால் அங்கே உள்ள குளிருக்கு நான்கு மணி நேரம். நம் ஊர் வெயிலுக்கு அத்தனை நேரம் தாங்காது. உருக்கின பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இருப்பு இருபது நாளுக்குத்தான் வந்தது. மிச்சத்துக்குக் குழந்தை டாக்டர் சொன்ன பால் பவுடர். ஒரு வயசு ஆகாததால் மாட்டுப் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் அவள் பட்ட பாடுதான் பெரிசு. பால் வற்றாமல் இருக்க மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் எடுத்தாக வேண்டும். வேலை செய்யும் தாய்மாருக்கு இதற்கு இடமும் நேரமும் தரவேண்டும் என்று 2010-இலேயே சட்டம் வந்து, 2022-இல் இன்னும் விரிவாக்கினார்கள். ஆனால் அது சம்பளம் வாங்கும் ஊழியருக்கு. வந்துபோகும் மாணவிக்கு யார் அறை காட்டுவார்கள்? இரண்டு நாள் கழிப்பறையில் நின்றுகொண்டே எடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஒரு ஆறு மணி நேர ஆபரேஷன். மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு, ராத்திரி காய்ச்சல். போனில், "அம்மா, திரும்பி வந்துடட்டுமா?" என்றாள்.

வா என்றும் எனக்குச் சொல்ல மனசில்லை, இரு என்றும் சொல்ல மனசில்லை. "முதல்ல பாலை எடு, டாக்டரைப் பார். கட்டினா நிறுத்தக் கூடாது, எடுத்துக்கிட்டே இருக்கணும். காலையில யாராவது ஒரு பெண்கிட்ட வாயைத் திறந்து கேளு" என்றேன். மறுநாள் ஒரு வயதான நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் புண்ணியவதி தன் பிரிவிலிருந்த சின்ன அறையின் சாவியையே கொடுத்துவிட்டாள். பெரிய டாக்டரிடமும் மகள் நேராகவே சொன்னாளாம். "இதைச் சொல்ல மூணு நாளா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு நீண்ட ஆபரேஷன்களில் பாதியில் அவளை அனுப்பி வைத்தார்.

நான்கு வாரம் முடிந்து, தோளில் ஐஸ் பெட்டியும் அதில் உறைந்த பாலுமாக வந்து இறங்கினாள். விமானத்தில் தாய்ப்பாலுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆசையாய்க் கையை நீட்டினால், பேத்தி முகத்தைத் திருப்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது! மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இது கோபம்தாண்டி, மறதியில்லை. அவசரப்படாதே" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து அது தானாகத் தவழ்ந்து போய் மடியில் ஏறிற்று. ராத்திரி பாலும் குடித்தது. ஒரு வாரம் மட்டும் அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவடியில் உட்கார்ந்து அழுதது.

செப்டம்பரில் மேல்படிப்புக்கு மனுப் போட்டாள். அங்கே மாணவர்கள் விருப்பப் பட்டியல் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிகளும் கொடுக்கும், இரண்டையும் பொருத்திப் பார்த்து இடம் முடிவாகும். நம் ஜாதகப் பொருத்தம் மாதிரி! இது 1952-இலிருந்து நடக்கிறது. 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பென்சில்வேனியாவிலேயே இடம். அப்படியானால் தெற்கே போய்ப் பட்டது வீணா என்றால், இல்லை. நேர்முகத்தில் பல பேர் குறிப்பிட்டது அந்தப் பெரிய டாக்டர் எழுதிய கடிதத்தைத்தானாம். ஜூலையில் ஐந்து வருஷப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

டாக்டர் படிப்புக்குத்தான் என்றில்லை. பி.எட்., வங்கிப் பயிற்சி, சர்க்கார் வேலை என்று பிள்ளையை விட்டுப் போக வேண்டிய தாய்மார் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குழந்தையின் இடத்தையும் ஆளையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பாட்டியோ அத்தையோ வந்து பழகட்டும். ஒளிந்து போகாமல் சொல்லிவிட்டுப் போங்கள். பால் எடுக்க இடம் வேண்டுமென்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. திரும்பி வந்ததும் குழந்தை முகம் திருப்பினால் மனம் உடையாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள்.

பாட்டிமார்களுக்கும் ஒன்று. முட்டிவலியும் முதுகுவலியும் நமக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் நாம் ஒரு மாதம் கை கொடுத்தால் ஒரு பெண் தன் காலில் நிற்பாள். என் நாத்தனாரும் போன மாதம் முட்டி வலிக்கிறது என்று போன் பண்ணினாள். "உன் மகளைக் கேட்டுச் சொல்லேன் அண்ணி" என்றாள்!