மின்விசையும் கிணற்று நீரும்

சேர்வராயன் மலையடிவாரத்துப் பொம்மிடிப் பகுதியில் உழவர்தம் பேச்சு எங்குத் தொடங்கினும் ஆழ்துளைக் கிணற்றில்தான் வந்து நிற்கும். கீழே பாறை, மேலே பொய்க்கும் மழை. வெற்றிலைக் கொடிக்காலும் மரவள்ளியும் மோட்டாரை நம்பியே பிழைக்கின்றன.

தமிழகத்தில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசம். அதைக் குறைகூறுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஏழை உழவனை நிமிரச் செய்த உதவி அது. ஆயினும் கட்டணம் நின்றபோது கணக்குப் பார்ப்பதும் நின்றுவிட்டது. பலமுறை காயில் கட்டிய மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை வீணாக்குகிறது என்று கேட்கும் தேவை எவருக்கும் எழவில்லை. மும்முனை மின்சாரம் எந்நேரம் வருமோ என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு உறங்கச் செல்கின்றனர். வாய்க்கால் வழிந்தோடுவதை நள்ளிரவில் பார்ப்பார் யார்?

பழைய மோட்டாரை மாற்றித் திறன்மிக்க புதியது வாங்க, சிறு, குறு உழவர்க்கு அரசு மானியம் தருகிறது. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மோட்டார் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால் புதிய மோட்டார் அதே நேரத்தில் கூடுதல் நீரை இறைக்கவல்லது. ஓடும் நேரம் குறையாவிடில், மின்சாரம் மிச்சமாவதற்கு முன் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும். நீர்மட்டம் தாழத் தாழ, அதே குடம் நீரை மேலே கொணர அதிக மின்விசை வேண்டும், சேமித்ததும் போயிற்று. வசதியுள்ளவர் மேலும் ஆழத் துளையிடுவார். பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண் என் செய்வாள்? பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா, உமக்கே புகழ்' மடலில் எழுதியது அவளுக்காகவும்தான்.

ஆகவே மோட்டார் மானியத்தோடு சொட்டுநீரும் சேர வேண்டும் என்பது நம் கருத்து. அதற்குச் சிறு, குறு உழவர்க்கு நூறு விழுக்காடும், பிறர்க்கு எழுபத்தைந்து விழுக்காடும் மானியம் உண்டு. பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டமொன்று, உழவர் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் தந்தது. அதற்கு மீட்டர் வேண்டும். மீட்டர் என்றதுமே நம் உழவர் முகம் சுருங்குகிறது. பின்னாலேயே கட்டணமும் வருமென்ற அச்சம். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட நாட்டில் அவ்வச்சத்தை அறியாமை என்று எப்படித் தள்ளுவது?

அன்பியக் கூட்டமொன்றில், மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கலாமே என்றோம். "நான் நிறுத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிறுத்துவாரா, சாமி?" என்றார் பெரியவர் ஒருவர். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே கூட்டத்தில்தான் அமர்ந்திருந்தார். அன்று வெகுநேரம் பேசினர். இருவரும் சேர்ந்தே தோட்டக்கலைத் துறை அலுவலகம் சென்று சொட்டுநீருக்கு விண்ணப்பிப்பதாக முடிவாயிற்று. யார் எத்தனை மணி நேரம் இறைப்பது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.