விசிறியை எழுப்பும் வில்லை

ஈருலோகத் தகட்டின் படத்தைப் பள்ளித் தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் பலர். பித்தளை நன்றாக நீளும், இன்வார் ஏறக்குறைய நீளாது. ஆகவே சூடேறினால் தகடு வளையும். நிக்கலும் இரும்பும் கலந்த அந்த இன்வாரை 1896-இல் கண்டறிந்த கியோம் என்பாருக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பது வரை மனப்பாடம். அந்தத் தகட்டை நம்பி ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

என் தந்தையார் அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டுகிறார். அங்கே இருப்பவர் வயதான ஆச்சி ஒருவர்தாம், மக்கள் சென்னையில். வண்டி பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வகை. சென்ற கோடையில் ஆச்சியை மருத்துவரிடம் அழைத்துப் போகையில், புதுக்கோட்டை கீழராஜ வீதி நெரிசலில் அது இருமுறை கொதித்துவிட்டது. இன்னொரு முறை கொதித்தால் எடைக்குப் போட்டுவிட்டு வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று சென்னையிலிருந்து செய்தி வந்தது. அப்பா அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். என் கல்லூரிச் செலவு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

வெளிச்சாலையில் ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் நின்றால் விசிறிதான் கதி. அம்பாசிடரில் எஞ்சினே பெல்ட்டால் விசிறியைச் சுழற்றும். மாருதியில் அதற்குத் தனி மோட்டார். அதை எழுப்புவது, தண்ணீரில் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கும் ஒரு பித்தளை சுவிட்ச். அதனுள்ளே இருப்பது நம் ஈருலோகத் தகடுதான், சிறு வில்லையாக. குறித்த சூட்டில் அது ‘டக்’கென்று மறுபுறம் குழிந்து மின்சுற்றை இணைக்கும்.

பட்டறைக்காரர், “டைரக்ட் குடுத்துடலாம்ணே” என்றார். ஓட்டுநரே கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச். ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. “ஒருநா மறந்தா எஞ்சின் போச்சே. இதையே கொஞ்சம் முன்னாடி ஓடற மாதிரி திருகி வைக்க முடியாதா தம்பி?”

திருகுவதற்கு அதில் திருகாணியே கிடையாது; மூடி அடைத்த பொருள். மேலே 95–90 என்று பொறித்திருந்தது. 95-இல் எழும்பும், 90-இல் உறங்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விசிறி நொடிக்கொரு தரம் ஓடி நின்று, தொடுமுனை கருகிப்போகும்.

ஆசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்து வெப்பமானியை எடுத்துச் சென்றேன். அம்மாவின் பாத்திரத்தில் தண்ணீர், அதில் அடி படாமல் தொங்கும் சுவிட்ச், ஒரு பாட்டரி, ஒரு டார்ச் பல்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பல்பு எரியவில்லை. வில்லை செத்துவிட்டது.

புதிது வாங்கப் போனபோது, “இருக்கறதுலயே கம்மி நம்பரா வாங்கு” என்றார் அப்பா. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வில் 82 என்றிருந்தது. அதற்குக் கீழே சுவிட்ச் வைத்தால் விசிறிக்கு உறக்கமே இராது. 92–87 வாங்கினோம். பாத்திரத்தில் 93-இல் பல்பு எரிந்தது. ஆறவிட, 87-இல் அணைந்தது.

பொருத்தியபின் கிளம்பலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, வண்டியை ஓடவிட்டு, ரப்பர்க் குழாயைப் பிசைந்து பிசைந்து குமிழி நிற்கும்வரை தண்ணீர் ஊற்றினார். “உள்ளே காத்து நின்னா சுவிட்சு தண்ணியத் தொடாது. தொடாம அதுக்கு எப்படிச் சூடு தெரியும்?” இது என் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் அவர் கையில் பட்டே கற்றது. சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடிக்குள் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காதிருக்கும். திறந்த கணத்தில் சீறும் என்று காரணத்தை நான் சொன்னேன். முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

அடுத்த வாரம் அதே வீதியில், அதே நெரிசலில் நானும் முன்னிருக்கையில் இருந்தேன். முன்புறம் ‘விர்’ரென்று ஓசை எழுந்தது. சிறிது நேரத்தில் அடங்கியது.

“என்னப்பா, நின்னுபோச்சு?” என்று பதறினார் ஆச்சி.

“நிக்கணும் ஆச்சி” என்றார் அப்பா.