இரண்டெழுத்துக்காரன் ஜீனோ

2021 பிறந்த அன்று பள்ளித் தோழி ஒருத்தி அனுப்பிய வாழ்த்தில் ஒரே வரிதான் இருந்தது: "ஜீனோ வருஷம் வந்தாச்சுடி!" வீட்டில் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடர்கதையை ஆனந்த விகடனில் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்குத்தான் அது விளங்கும். எண்பதுகளில் உட்கார்ந்துகொண்டு சுஜாதா எங்களுக்குக் காட்டிய இந்தியா, அந்த 2021இல்தான் இருந்தது.

அந்த இந்தியாவை ஜீவா என்றொரு சர்வாதிகாரி ஆள்கிறார். யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. ஆனால் அவள் கணவன் சிபி வெளியே போனவன் திரும்பி வரவில்லை. அந்தத் தவிப்புக்கு நடுவில் ரவி என்பவன் அவள் வீட்டில் தங்க வருகிறான். அவனோடு ஜீனோ வருகிறது. நாய் உருவில் ஓர் இயந்திரம். பேசும், பாடும், கிண்டல் செய்யும், கிடைத்த புத்தகத்தை எல்லாம் படிக்கும்.

பெரியவர்களுக்கு இது பெரிய கற்பனையாகத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நெருக்கடி நிலை முடிந்து அதிக வருடங்கள் ஆகியிருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதைகள் திண்ணைகளில் இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. சுவரெங்கும் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம். என் அப்பா ஒவ்வொரு வாரமும் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். எங்களுக்கோ ஜீவாவைப் பற்றிக் கவலையே இல்லை. இந்த வாரம் ஜீனோ என்ன சொன்னது என்பதுதான் கேள்வி. வகுப்பில் எல்லாருடைய பெயரையும் இரண்டெழுத்தாக வெட்டினோம். ஆறெழுத்துப் பெயர்க்காரியான எனக்கு எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்பதே ஒரு வாரப் பிரச்சினையாக ஓடியது.

எங்கள் வீட்டில் விகடன் முதலில் அப்பாவுக்கு, பிறகு அத்தைக்கு, பிறகுதான் எனக்கு. பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அச்சு பொடியாக இருக்கிறது என்று என்னையே படித்துக் காட்டச் சொல்வாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். ஒருநாள் நிறுத்தச் சொல்லிவிட்டு, "அது என்னடி சாப்பிடும்?" என்றாள். மின்சாரத்தில் ஓடுகிற பொம்மை, ஒன்றும் சாப்பிடாது என்றேன். "பாவம், ருசி தெரியாம இத்தனை புத்திசாலியா இருக்கே" என்றாள். அதற்கப்புறம் ஜீனோ வருகிற இடங்களை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வாள்.

பாட்டியின் அந்தப் 'பாவம்' எனக்குள் வெகுநாள் கிடந்தது. ஜீனோ இயந்திரம் என்பதை அவள் மறக்கவே இல்லை. சுஜாதா மறக்க விடவும் இல்லை. அவர் எழுத்தாளர் மட்டும் அல்ல, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன் என்ற பொறியாளர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எழுதிய நாய் அது. மாயமந்திரம் கிடையாது, இறக்கி வைத்த ஆவி கிடையாது, இடி விழுந்து உயிர் வரவும் இல்லை. படிக்கிறது, படித்ததை யோசிக்கிறது, யோசித்ததைக் கேள்வியாகக் கேட்கிறது, அவ்வளவுதான். கேள்வி கேட்பதை விட்டுவிட்ட மனிதர்கள் நிறைந்த தேசத்தில் அதைச் செய்ய ஒரு பொம்மைதான் மிச்சம் இருந்தது. நாங்கள் அதன்மேல் வைத்த பிரியத்துக்குக் காரணம் அதன் சமத்தோ குறும்போ மட்டும் அல்ல என்று எனக்குப் பட்டது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஊரே கும்பிடும் ஜீவா கடைசியில் வெறும் ஒளி உருவம், ஹோலோகிராம். அப்படி ஒரு ஆளே இல்லை. அந்த அத்தியாயம் வந்த வாரம் அத்தை விகடனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதை எழுதியவர்தான் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையில் முக்கியப் பங்கு வகித்தவர். இல்லாத ஒருவருக்குத் தலை வணங்கும் ஜனங்களைப் பற்றிக் கதை எழுதிய அதே கை, ஜனங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கும் உழைத்திருக்கிறது. வாக்குச்சாவடியில் பொத்தானை அழுத்தி அந்த நீண்ட 'பீப்' சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜீனோ ஞாபகம் வந்துவிடும்.

தொடர் முடிந்ததும் அத்தை பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, பைண்டரிடம் கொடுத்தாள். அந்தக் காலத்தில் நல்ல தொடர்கதை என்றால் வீட்டுக்கு வீடு இது நடக்கும். கெட்டி அட்டை, முதுகில் காலிகோ துணி, ஓரத்தில் நூல். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. புத்தகம் வந்த பல நாள்களுக்கு அந்தப் பசை வாடை போகாது. கடையில் விற்கும் பதிப்பில் கதை மட்டும்தான் இருக்கும். எங்கள் பைண்டு புத்தகத்தில் அந்தக் காலமே இருந்தது: பாதியில் அறுந்த ஜோக், ஊறுகாய் விளம்பரம், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில், அடுத்த கட்டுரையின் முதல் பத்தி. நிலா அழுதுகொண்டிருக்கும் பக்கத்துக்கு எதிரே தலைவலித் தைல விளம்பரம். படித்துப் படித்து எனக்கு அந்த விளம்பரங்களும் கதையோடு சேர்ந்து மனப்பாடம். ஒவ்வொரு வார இறுதியிலும் வருகிற 'தொடரும்' என்ற சொல்லைப் பைண்டர் வெட்டாமல் விட்டிருந்தார். அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அந்த இடத்தில் நிறுத்தி, ஏழு நாள் நாங்கள் என்னென்ன யோசித்தோமோ அதுவும் கதையில் பாதி. ஒரே மூச்சில் படிக்கிற என் மகளுக்கு அந்தப் பாதி கிடைக்கவில்லை.

அந்த நாளில் கணினியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் கெட்டி அட்டை டிக்கெட்டில் இரும்பு இயந்திரம் தேதி குத்தித் தரும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய இயந்திரம். சிலிக்கன் சில்லு என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன என்பதெல்லாம் சுஜாதா தமிழில் சொல்லித்தான் எங்கள் காதில் விழுந்தது. 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதில் பகுதியில் யார் கேட்டாலும், சின்னப் பையன் கேட்டாலும், சலிக்காமல் பதில் சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் நான் பாலிடெக்னிக் போனேன். தொலைபேசித் துறையில் வேலை கிடைத்து, கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளில் சி-டாட் இயந்திரங்களைப் பராமரித்தேன். குளிர்சாதனம் இல்லாமல், நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் ஓடுவதற்கென்றே இந்தியாவில் வடிவமைத்தவை அவை. கோளாறு என்றால் ஒரு கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவோம், விளக்கு எரியும். அந்த நொடியில் மனசுக்குள் "வாடா ஜீனோ" என்று சொல்லிக்கொள்வேன்.

'மீண்டும் ஜீனோ' வந்தபோது தலைப்பைப் பார்த்தே துள்ளினோம். ஆனால் முதல் கதை தந்தது அதில் எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. நிலா ஆட்சிப் பொறுப்புக்கு வந்துவிட்டாள், சூழ்ச்சியும் அதிகாரமும் முன்னால் வந்துவிட்டன. யாரும் பொருட்படுத்தாத ஒரு பொம்மை மெல்ல மெல்லத் தலை நிமிர்வதைப் பார்க்கும் இன்பம் ஒரு தடவைதான் வாய்க்கும் போலும். தூர்தர்ஷனில் தொடராக வந்ததையும் பார்த்தேன். எடுத்தவர்களின் முயற்சி பெரிது. ஆனால் படித்தவர்கள் ஒவ்வொருவர் காதிலும் ஜீனோவுக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது.

1999இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தி படித்ததும் பாட்டியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் அப்போது இல்லை. 2006இல் அதன் தயாரிப்பு நின்றது, சில ஆண்டுகளில் பழுதுபார்ப்பும் நின்றது. பழுதானவற்றுக்கு 'இறந்த' ஐபோக்களிலிருந்து பாகம் எடுத்துப் பொருத்த வேண்டிய நிலை. அப்படிப் பாகம் எடுக்கும் முன், ஜப்பானில் சிபா மாநிலத்தில் ஒரு புத்தக் கோயிலில் அவற்றுக்கு ஈமச்சடங்கு செய்தார்கள். 2018இல் ஒரே சடங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட இயந்திர நாய்கள், ஒவ்வொன்றின் மேலும் அது எந்த வீட்டில் வளர்ந்தது என்ற சீட்டு. அந்தச் சடங்கின் படத்தைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இயந்திரம் என்று தெரிந்தேதான் அவர்கள் கை கூப்பினார்கள். அரிசியில் கல் பொறுக்கிய பாட்டிக்கு அந்தச் சடங்கு உடனே புரிந்திருக்கும்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். அவர் வசனத்தில் பங்களித்த 'எந்திரன்' படம் 2010இல்தான் வந்தது. அதில் இயந்திர மனிதன் சிட்டி தன்னைத்தானே பாகம் பாகமாகக் கழற்றிக்கொள்ளும் காட்சியில் திரையரங்கமே அமைதியாக இருந்தது. நான் அங்கே சிட்டியைப் பார்க்கவில்லை.

இப்போது ஜீனோவை யாராவது புதிதாகத் திரைக்குக் கொண்டுவரக்கூடும். வரைகலை வசதியெல்லாம் வந்துவிட்டது. அவர்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் உண்டு. தயவுசெய்து அதற்கு ரோமம் வைக்காதீர்கள். கண்ணில் நீர் வரவழைக்காதீர்கள். திருகாணி தெரியட்டும், நடக்கும்போது மோட்டார் சத்தம் கேட்கட்டும். எந்தப் புத்தகம் படிக்கிறது என்பதை மட்டும் அட்டை தெரிகிற மாதிரி காட்டுங்கள். பார்க்கிற பிள்ளைகள் தேடிப் போய் வாங்குவார்கள்.