வெற்றிடத்தில் எரிந்த வில்

என் தந்தையார் ஒரு துணை மின்நிலையத்தில் ஹெல்பர். அவருடைய வலது முன்கை முழுவதும் ஒரு தழும்பு. நான் பள்ளியில் படித்த நாளில், லோடு இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி, லோடு ஓடிய லைனில் ஏ.பி. சுவிட்சை இழுத்தார், மின்வில் பாய்ந்துவிட்டது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில், பழைய எண்ணெய் பிரேக்கரை எடுத்துவிட்டு 11 கிலோவோல்ட் ஃபீடருக்கு வாக்குவம் பிரேக்கர் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"காற்றே இல்லாத இடத்தில் வில் ஏதப்பா?" என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற மிடுக்கு!

"அப்ப எதுக்குடா கான்டாக்ட் தேய்மானம் பாக்கச் சொல்றாங்க? தண்டுல அதுக்குன்னு கோடே போட்டிருக்கே."

விழித்தேன். பேச்சை மாற்றினேன்.

கல்லூரி திறந்ததும் எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னை நூலகத்துக்கு அனுப்பினார். அங்கே என் மிடுக்கு கரைந்தது. வெற்றிடத்திலும் வில் உண்டு! அந்தக் குடுவைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் தொடுமுனைகள் பிரியும்போது, கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நுண்ணிய இடம் உருகி ஆவியாகிறது. எரிவது காற்றன்று, உலோக ஆவி. எதிர்மின்முனையில் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகள் ஓடித் திரிந்து அந்த ஆவியைக் கக்குகின்றன. செம்பில் ஒரு புள்ளி சுமார் 100 ஆம்பியரைச் சுமக்குமாம்.

மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. அக்கணம் புள்ளிகள் அவிந்து, புதிய ஆவி பிறப்பது நின்றுவிடும். இருந்த ஆவியோ தடுக்க ஏதுமின்றிப் பறந்து, தொடுமுனைகளிலும் சுற்றியுள்ள உலோகக் கவசத்திலும் மைக்ரோவினாடிகளில் படிந்துவிடும். மீண்டும் வெற்றிடம். ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளியே 11 கிலோவோல்ட்டைத் தாங்கிக்கொள்கிறது!

1926-இலேயே கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் இதைச் செய்து காட்டிவிட்டனர். ஆனால் உலோகத்துக்குள் ஒளிந்திருந்த வாயு கசிந்து வெற்றிடத்தைக் கெடுத்தது. அதை வெல்லவும், காலத்துக்கும் காற்றுப் புகாதபடி குடுவையை மூடவும் கற்றுப் பெரிய பிரேக்கராக்க முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, "நான் சொன்னது தப்பப்பா, நீங்க கேட்டதுதான் சரி" என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு,

"காத்துலயும் அந்தச் சுழி வருமில்ல?" என்றார்.

"வரும்ப்பா. ஆனா சூடேறின காத்து அங்கேயே நிக்கும். அது ஆறுறதுக்குள்ள வில் திரும்பப் பத்திக்கும்."

"அப்ப அன்னிக்கும் நொடிக்கு நூறு தரம் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிருக்கு."

"ஆமாப்பா."

சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, இரவு ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தார்.